நிறம் பூசாத பாவாடை

1

அடுத்த வீட்டுப் பெண்மணிக்குச் சொந்தமான படம் ஒன்றை நான் கெடுத்தேன். கை தவறித் தண்ணீர் கொட்டிக் கெட்டதல்ல. மேசையில் விரித்து வைத்து, தூரிகையைக் கழுவி, சாயத்தைக் குழைத்து, ஒரு பின்னேரம் முழுவதும் பொறுமையாக இருந்து கெடுத்தேன். கெடுக்கிறேன் என்று அப்போது தெரியாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும். தெரிவதற்கு வேண்டிய பேச்சு அதற்கு முன்பே என் காதில் விழுந்திருந்தது. அதனால் அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

இது நடந்து நான்கு வருடமாகிறது. இன்று காலை பேத்தி நளா பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் மேசையில் ஒரு படத்தை விட்டுப் போனாள். குதிரை ஒன்று. தலைக்கு நிறம் இருந்தது, உடம்புக்கு இல்லை. வாசலில் நின்று, விருப்பமென்றால் நீங்களே முடித்துவிடுங்கள் அப்பப்பா என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இப்போதெல்லாம் 'அப்பப்பா' என்ற சொல் ஒன்றுதான் அவள் வாயில் தமிழாக வருகிறது. நான் நிறப் பென்சில்களைப் பெட்டியில் அடுக்கி மூடி வைத்தேன். குதிரை அப்படியே கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் கொழும்பில் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். அளவையாளர்கள் காட்டிலும் வெயிலிலும் அளந்து கொண்டு வருவதை நாங்கள் தாளில் வரைந்து நிறம் பூசுவோம். தெருவுக்குக் காவி, தண்ணீருக்கு நீலம், கல் கட்டடத்துக்குக் கிரிம்சன் லேக் என்ற சிவப்பு. திட்டுத் திட்டாக விழாமல், ஓரத்தில் கோடு கட்டாமல், ஒரே சீராகப் பூச வேண்டும். அதற்கான கைவாகு எனக்கு இருந்தது. நிறம் இல்லாத இடம் ஒன்று வரைபடத்தில் தெரிந்தால் எங்களுக்கு அதற்கு ஒரே ஒரு பொருள்தான்: வேலை இன்னும் முடியவில்லை.

2

மனைவி இறந்த பிறகு, ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நான்கில், மகன் சிவநேசன் என்னை மெல்பேணுக்கு அழைத்துக்கொண்டான். கோபேர்க் என்ற புறநகரில் ஒரு செங்கல் வீடு. மகன் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். மருமகள் வசந்தி ஆஸ்பத்திரியில் தாதி. எட்டு மணிக்கு வீடு காலியாகிவிடும். அதன் பிறகு நானும் குளிர்சாதனப் பெட்டியின் முனகலும்தான். நாலு மணிக்கு நளா வருவாள், பாண் துண்டில் எதையோ பூசித் தின்றுகொண்டு தொலைக்காட்சிக்கு முன் உட்காருவாள். அந்த எட்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் ஒரு மனிதன் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த வீடு கொன்செத்தா என்ற இத்தாலியப் பெண்மணியுடையது. தெற்கு இத்தாலியில், கலாபிரியா மலைப்பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். என்னிலும் பதினைந்து வயதாவது இளையவர். ஒரே மகள் லீனா, வங்கியில் வேலை. எங்களை நண்பர்களாக்கியது மிளகாய். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் செத்தல் மிளகாய் மாலை மாலையாகக் கட்டித் தொங்குவதைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்த நாட்டில் மிளகாயைக் கண்டால் விலகிப் போகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அவர் ஒன்றைப் பிடுங்கி என் கையில் தந்து, கடித்துப் பார் என்று சைகை காட்டினார். கடித்தேன். கண் கலங்கவில்லை. அவருக்கு என் மேல் மரியாதை வந்தது.

அவருக்கு ஆங்கிலம் துண்டு துண்டாக வரும். என் ஆங்கிலம் பாதிரிமார் கற்பித்தது, அவருக்குப் பாதி புரியாது. ஆனாலும் பேசினோம். அவர் சொன்னவற்றை இங்கே எங்கள் வீட்டுப் பேச்சில் எழுதுகிறேன். இலக்கணத் தமிழில் எழுதினால் அவர் இல்லாமல் போய்விடுவார்.

அரசாங்க உதவிப் பணம் சம்பந்தமாக ஒரு கந்தோருக்கு அவருடன் துணைக்குப் போனேன். கொன்செத்தாவின் கணவர் ரோக்கோ, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கரும்பு வெட்டும் வேலைக்கென்று குயின்ஸ்லாந்துக்குப் போனவர். முதலில் இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. செத்தாரா, வேறு குடும்பம் வைத்துக்கொண்டாரா, ஒருவருக்கும் தெரியாது. இருபது வருடமாகிறது.

மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் கேட்டான். நீங்கள் விதவையா, கைவிடப்பட்டவரா?

"ரெண்டும் இல்லை," என்றார் கொன்செத்தா. "என்ர மனுசன் கரும்பு வெட்டப் போனவர். இன்னும் வரேல்லை."

அவன் என்னைப் பார்த்தான். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் அவர் பக்கம் குனிந்து, அம்மணி என்று அவர்கள் மொழியில் அழைத்து, "சின்யோரா, விதவை எண்டு சொல்லுங்கோ. அலுவல் முடிஞ்சிடும்," என்றேன்.

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். டிராமில் எனக்கு முன் ஆசனத்தில் போய் உட்கார்ந்தார். பிடிவாதக்காரி என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, மறந்தும் போனேன்.

3

அடுத்த வருடம் லீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கொன்செத்தா ஒரு சட்டம் போட்ட படத்தைப் பழைய துவாயில் சுற்றி எடுத்து வந்தார். கண்ணாடி வெடித்திருந்தது, பின்னட்டையில் ஈரம் ஏறியிருந்தது.

"மாயெஸ்ட்ரோ, நீங்கள் கடதாசி வேலை தெரிஞ்ச ஆள். இதைத் திருத்தித் தாங்கோ. கலியாணத்துக்கு மாட்ட வேணும். சட்டமும் கண்ணாடியும் மட்டும்."

மாயெஸ்ட்ரோ என்றால் அவர்கள் பேச்சில் கைவேலைக்காரனுக்கும் ஆசிரியனுக்கும் பொதுவான மரியாதை. அவர் விளையாட்டாகத்தான் கூப்பிடுவார். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கிற நாட்களில் நான் முகச்சவரம் செய்துகொள்வேன்.

சட்டத்தைக் கழற்றி, தாளை வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். மங்கலான பழுப்புத் தாள், கையால் செய்தது. அதில் நீர்வண்ணத்தில் மூன்று பெண்கள், அந்த ஊர் உடையில். கொன்செத்தாவின் முப்பாட்டி காலத்தில், ஊர் ஊராகத் திரிந்து மனிதரையும் உடைகளையும் வரைந்த வெளிநாட்டு ஓவியர் ஒருவர் அவர்கள் வீட்டில் தங்கினாராம். போகும்போது தங்கியதற்கு நன்றியாக இதை விட்டுப் போனாராம். முடிந்த ஓவியமல்ல. பெரிய படம் ஒன்று பிறகு செய்வதற்காகப் பார்த்து எடுத்துக்கொண்ட பயிற்சித் தாள். ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்திருந்தார்.

தலையில் சதுரமாக மடித்துப் போட்ட வெள்ளைத் துணி, நாடாவால் இறுக்கிய மேற்சட்டை, முன்புறம் ஒதுக்கிச் செருகிய மேலாடை, அதன் கீழே தெரியும் பாவாடை. இடப்பக்கத்துப் பெண்ணுக்குப் பாவாடை சிவப்பு. வலப்பக்கத்துப் பெண்ணுக்குக் கறுப்பு. துணியின் மடிப்பில் வெளிச்சம் விழும் இடங்களில் சாயமே வைக்காமல் தாளை அப்படியே விட்டிருந்தார். அந்தத் துணிவு எங்கள் கந்தோரில் ஒருவனுக்கும் இல்லை. நடுவில் நின்றவளுக்கு முகம் இருந்தது, கை இருந்தது, கன்னத்தில் இளஞ்சிவப்புக்கூட இருந்தது. பாவாடை மட்டும் வெறும் பென்சில் கோடு. உள்ளே வெள்ளை.

வெள்ளை உடுத்து, இரண்டு நிறக்காரிகளுக்கு நடுவில் நிற்கிறாள். நான் பார்த்தது அதைத்தான். கறுப்புப் பாவாடை என் கண்ணுக்கு அழகான கறுப்புப் பாவாடை, அவ்வளவுதான்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராசமணி அக்கா இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்தவர். அன்றிலிருந்து வெள்ளைச் சீலை. என் கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்க எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றபோது அக்காவும் வந்து ஒரு ஓரத்தில் நின்றார். பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தது நான். "அக்கா, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ," என்றேன். அவர் தூணுக்குப் பின்னால் போனார். படக்காரன் படம் எடுத்தான்.

கல்யாண வீட்டில் மாட்டப் போகிற படத்தில் ஒருத்தி வெள்ளையில் நிற்கிறாளே என்று என் மனம் பதறியது. வேலை முடியாமல் கிடக்கிறதே என்று கை துடித்தது. எது முந்தியது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெட்டிக்குள்ளிருந்து என் பழைய சாயப் பலகையை எடுத்தேன். கட்டடங்களுக்குப் பூசிய அதே கிரிம்சன் லேக். முதல் பூச்சு மெல்லியதாக, காய்ந்த பிறகு மடிப்புகளில் இரண்டாவது. பக்கத்துப் பெண்ணின் சிவப்போடு ஒத்துப்போகக் கொஞ்சம் காவி சேர்க்கலாமா என்றுகூட யோசித்து, வேண்டாம், பிரகாசமாகவே இருக்கட்டும் என்று விட்டேன். என் வாழ்நாளில் பூசியவற்றில் அதைவிடச் சீரான பூச்சு இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

காய்ந்ததும் நளாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அன்ரி உங்களிட்டச் செய்யச் சொன்னவவோ?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"செய்து காட்டினால் சந்தோசப்படுவா," என்றேன்.

4

அவர்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முந்திய கிழமை, மணமகள் கொண்டு போகிற படுக்கை விரிப்புகள், துவாய்கள், மேசை விரிப்புகள் எல்லாவற்றையும் ஓர் அறையில் கட்டில் மேல் பரப்பி வைப்பார்கள். ஊர்ப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்து, தையலை மெச்சி, இனிப்புத் தின்று போவார்கள். மெல்பேணிலும் அதை விடவில்லை. அந்த மலையூரிலிருந்து வந்த குடும்பங்கள் பிரன்ஸ்விக்கிலும் கோபேர்க்கிலும் நிறைய இருந்தன.

அன்று பின்னேரம் புதுச் சட்டத்தில் போட்ட படத்தைக் கொண்டு போனேன். கொன்செத்தா குசினிக்குள் எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்றார். "மாயெஸ்ட்ரோ, கட்டிலுக்கு மேல ஆணி இருக்கு, நீங்களே மாட்டி விடுங்கோ," என்று திரும்பாமலே சொன்னார். பார்க்கச் சொல்லி வற்புறுத்தியிருக்கலாம். திடீரென்று பார்த்து மகிழட்டும் என்று நினைத்தேன். மாட்டிவிட்டு மூலையில் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன்.

பெண்கள் வந்தார்கள். அவர்களோடு கைத்தடி ஊன்றிய ஒரு கிழவரும் வந்தார், ரோக்கோவின் ஒன்றுவிட்ட அண்ணன். அவர் விரிப்புகளைப் பார்க்கவில்லை. நேரே படத்தைப் பார்த்தார். கிட்டப் போனார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி உரத்த குரலில் ஏதோ கேட்டார். 'ரோக்கோ' என்ற பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. மிச்சத்தைப் பிறகு லீனா சொன்னாள்.

"கொன்செத்தா, ரோக்கோ வந்திட்டானே? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

எல்லாத் தலைகளும் படத்தின் பக்கம் திரும்பின. கொன்செத்தா இனிப்புத் தட்டோடு வாசலில் வந்து நின்றார். அவர் படத்தைப் பார்க்க முன்பே ஒரு கிழவி எழுந்து போய் அவரைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு அழத் தொடங்கிவிட்டார். பாவம், உண்மை என்று நம்பிவிட்டார். கொன்செத்தா கிழவியின் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தட்டைக் கட்டிலில் வைத்தார், விரிப்புகளின் மேலேயே. சீனித் தூள் சிந்தியது. கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றி, அதன் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். கிழவியிடம் மெல்ல ஏதோ சொன்னார். கிழவி கையை எடுத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். நானே எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த நாள் லீனா படத்தைக் கொண்டு வந்து எங்கள் வாசலில் தந்தாள். அந்த ஊரில் பாவாடை சிவப்பென்றால் கணவன் உள்ளவள், கறுப்பென்றால் இல்லாதவள் என்று அவள்தான் விளக்கினாள்.

"நடுவில நிக்கிறவ?"

"அது அம்மாவிட்டக் கேளுங்கோ," என்றாள். பிறகு, "உண்மையைச் சொன்னால் அங்கிள், எனக்கு ஒரு நிமிசம் சந்தோசமாத்தான் இருந்தது. சிவப்போ கறுப்போ, ஏதாவது ஒண்டு முடிஞ்சால் போதும் எண்டு இருக்கு எனக்கு," என்றாள்.

"அம்மா என்ன சொன்னவா?"

"முடிச்சவரே வச்சிருக்கட்டுமாம்."

கல்யாணத்துக்கு மகனும் மருமகளும் போனார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். "உங்களுக்கு ஏன் அப்பா இந்த வேலை?" என்று சிவநேசன் கேட்டான். வசந்தி அவனை அடக்கினாள். அவள் அடக்கியதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

5

கழுவி எடுக்க முடியுமா என்று பார்த்தேன். ஈரப் பஞ்சை ஓரத்தில் வைத்ததுமே தாளின் மயிர் எழும்பியது, பழைய பென்சில் கோடு கலைந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நினைவு வந்தது. கிரிம்சன் லேக் வெயிலுக்கு நிற்காத சாயம். எங்கள் கந்தோரில் ஜன்னலுக்கு எதிரே மாட்டிய வரைபடங்களில் சில வருடத்தில் தெருக்கள் இருக்கும், குளங்கள் இருக்கும், கட்டடங்கள் மட்டும் மறைந்து போயிருக்கும். தீயும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம், ஒரு நகரத்தை அழிக்க இந்தச் சாயம் போதும் என்று எங்கள் மேலதிகாரி சிரிப்பார்.

கறுப்பு மட்டையில் நடுப்பெண்ணின் பாவாடை அளவுக்குத் துல்லியமாக ஒரு துளை வெட்டினேன். மட்டையைப் படத்தின் மேல் பொருத்தினால் அந்தப் பாவாடை மட்டும் வெளியே தெரியும். ஓவியர் வைத்த நிறங்களெல்லாம் மறைந்திருக்கும். என் அறை ஜன்னலில் வைத்தேன். கார்த்திகை மாதம், இந்த நாட்டில் அப்போதுதான் கோடை தொடங்கும். கிழமைகள் போயின. சிவப்பு அப்படியே இருந்தது. பழைய சாயம், இறுகிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் நளா அறைக்குள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பப்பா, இது தெற்கு யன்னல். இஞ்ச சூரியன் வடக்கால போகும். எங்களுக்கு ரீச்சர் படிப்பிச்சவ."

ஆயிரக்கணக்கான தாள்களில் வடக்கு அம்புக்குறி போட்டவன் நான். கொழும்பில் வரைகிற மேசை வடக்கு ஜன்னலோரம் இருக்கும். வருடத்தில் பெரும்பகுதி அங்கே நேர்வெயில் விழாது, வெளிச்சம் சீராக இருக்கும். காய வைக்க வேண்டியதைத் தெற்குப் பக்கம் கொண்டு போவோம். உடம்பு அதே பழக்கத்தில் இங்கேயும் தெற்கைத் தேடியிருக்கிறது. இந்த நாட்டில் ஒன்றரை வருடம் இருந்தும் சூரியன் எந்தப் பக்கம் போகிறது என்று நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

எங்கள் வீட்டின் வடக்குப் பக்கம் முழுவதையும் கொன்செத்தாவின் வீடு மறைத்துக்கொண்டிருந்தது. நாள் முழுவதும் வெயில் விழுகிற வடக்கு ஜன்னல் அவருடைய குசினியில்தான் இருந்தது.

மூன்று நாள் யோசித்துவிட்டு, படத்தையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"இண்டைக்கு என்ன நிறம் கொண்டு வந்தனீங்கள், மாயெஸ்ட்ரோ? பச்சையோ?"

"நிறம் கொண்டு வரேல்லை, சின்யோரா. உங்கட யன்னலைக் கேட்டு வந்தனான்."

விளக்கிச் சொன்னேன். அவர் மட்டையை வாங்கித் துளையினூடாக என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு நாள்?"

"கோடை முழுக்க. முழுசாப் போகுமெண்டு சொல்ல மாட்டன்."

அவர் ஜன்னல் விளிம்பிலிருந்த துளசி போன்ற செடிச் சட்டியை எடுத்துக் கீழே வைத்தார். "வையுங்கோ," என்றார். "ஆனால் காலமை நீங்கள் வந்து வைக்க வேணும். பின்னேரம் நீங்கள் வந்து எடுக்க வேணும். சமையல் ஆவி படுறதுக்கு நான் காவல் இருக்க மாட்டன்."

அப்படித்தான் என் எட்டு மணிக்கும் நாலு மணிக்கும் ஒரு வேலை கிடைத்தது. முதல் கிழமை படத்தை வைப்பேன், வருவேன். இரண்டாம் கிழமை ஒரு கோப்பி வைத்தார். ஒரு காலை, அவரைக்காய் உரித்துக்கொண்டே தானாகத் தொடங்கினார்.

"நடுவில நிக்கிறவளின்ர புருசனை அரசன் சண்டைக்குக் கொண்டு போனவன். வடக்க, பனி கொட்டுற நாட்டுக்கு. போன ஆக்களில ஒண்டு ரெண்டு பேர்தான் திரும்பினது. இவளுக்கு ஒரு செய்தியும் இல்லை. படக்காரன் வந்து வரைஞ்சான். சிவப்பைத் தொட்டுக் காட்டினான், அவள் தலையாட்டினாள், இல்லையெண்டு. கறுப்பைத் தொட்டான், அதுக்கும் இல்லை. அவன் என்ன செய்வான்? விட்டிட்டுப் போட்டான். படிச்ச மனுசன் போல, கேட்டுப் பார்த்திருக்கிறான்."

நான் கோப்பிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவரோடு அவரைக்காய் உரிக்கத் தொடங்கினேன்.

"எங்கட குடும்பத்தில ஆம்பிளை போய் வராத பெண் ஆரோ, அவளிட்டத்தான் இந்தப் படம் இருக்கும். என்ர அம்மாவின்ர மனுசன் அமெரிக்காவுக்குப் போனவர். அம்மா எனக்குத் தந்தா. லீனாவுக்கு நான் குடுக்க மாட்டன். அவளின்ர பெடியன் ஆறு மணிக்கு வீட்டை வாறவன்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அண்டைக்குக் கந்தோரில நீங்களும் சொன்னனீங்கள், விதவை எண்டு சொல்லச் சொல்லி. எல்லாருக்கும் அவசரம். நான்தானே காத்திருக்கிறன்? நீங்கள் எல்லாரும் ஏன் களைக்கிறியள்?"

பதிலுக்குப் பதிலாக அக்காவைப் பற்றிச் சொன்னேன். வெள்ளைச் சீலை, கல்யாணப் படம், தூண், நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை. என் மனைவியிடம்கூட நான் அதைப் பற்றிப் பேசியதில்லை. இந்தச் சிவப்பு உண்மையில் யாருக்குப் பூசியது என்பதை அவரிடம் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது.

"அக்கா இருக்கிறாவோ?"

"இருக்கிறா. யாழ்ப்பாணத்தில, மருமகன் முறையான ஒருத்தரோட."

"என்ன நிறம் வேணுமெண்டு அவவிட்டக் கேட்டனீங்களோ?"

"அக்காவிட்ட நான் ஒண்டும் கேட்டதில்லை, சின்யோரா."

"நீங்கள் ஆரிட்டயும் கேக்கிறேல்லை, மாயெஸ்ட்ரோ. நல்ல மனுசன். ஆனால் கேக்கிறேல்லை."

6

தை, மாசி கடந்தது. சிவப்பு முதலில் செங்கல் நிறமாகி, பிறகு மாதுளை முத்தின் நிறமாகி, பிறகு இன்னும் வெளுத்தது. தக்காளி அவித்துப் போத்தலில் அடைக்கும் நாள் வந்தது. வருடத்தில் ஒரு நாள், முழுக் குடும்பமும் முற்றத்தில் கூடிச் செய்கிற வேலை. லீனாவும் கணவனும் வந்திருந்தார்கள். வசந்தியும் நளாவும்கூட முழங்கை வரை தக்காளிச் சாறோடு நின்றார்கள். மட்டையை எடுத்துவிடுங்கள், பார்ப்போம் என்றார் கொன்செத்தா.

எடுத்தேன். வெள்ளையாகவில்லை. தெரியாத ஒருவர் பார்த்தால் தாளின் நிறம் என்றுதான் நினைப்பார். தெரிந்தவர் பார்த்தால் ஒரு மெல்லிய ரோஜா நிறம் இருந்தது. பஞ்சு வைத்த ஓரத்தில் தாள் கொஞ்சம் மயிர் எழும்பியிருந்தது.

"அடுத்த கோடையும் வச்சால் இன்னும் போகும்," என்றேன்.

கொன்செத்தா கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

"போதும். கிடக்கட்டும்," என்றார். "ஒரு ஞாயிற்றுக்கிழமை மனுசன் வந்து, சாப்பிட்டிட்டு, திரும்பிப் போயிருப்பார்."

லீனா முதலில் சிரித்தாள். பிறகு தாயின் பக்கத்தில் வந்து நின்றாள். படம் அன்றே குசினிச் சுவருக்குப் போனது, வெயில் விழாத சுவருக்கு. இன்றும் அங்கேதான் இருக்கிறது. ரோக்கோவைப் பற்றி இன்றுவரை செய்தி இல்லை. கொன்செத்தா நீலத்திலும் பூப்போட்டதிலும் சட்டை போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறார். கறுப்புடுத்த ஊர்ப் பெண்கள் பேசுவதைப் பேசுகிறார்கள்.

அக்காவுக்கு எழுத எனக்கு மேலும் இரண்டு வருடம் பிடித்தது. ஒவ்வொரு முறையும் சுகம் விசாரித்து, மழை வெயிலைப் பற்றி எழுதி, கையெழுத்துப் போட்டுவிடுவேன். கடைசியில் ஒரு நாள் எழுதினேன். உங்களுக்கு ஒரு சீலை அனுப்ப விருப்பம், என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். அன்று வாசலில் நான் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

மன்னிப்பைப் பற்றி அக்கா ஒன்றும் எழுதவில்லை. சீலை வேண்டாம், இருக்கிறதை உடுத்து முடிக்கவே ஆயுள் காணாது என்று எழுதியிருந்தார். பிறகு ஒரு வரி: "உன்ர கலியாணப் படம் கைவசம் இருந்தால் ஒண்டு அனுப்பு தம்பி. நான் அதைப் பார்த்ததில்லை."

படம் கழுவி வந்தபோது நாங்கள் கொழும்பு போயிருந்தோம். அக்கா என் கொழும்பு வீட்டுக்கு வந்ததில்லை. நான் கூப்பிட்டதுமில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பிரதி. அதைச் சட்டத்திலிருந்து கழற்றி, சிட்னி ரோட்டில் உள்ள ஒரு படக்கடைக்குக் கொண்டு போய்ப் பிரதி எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கறை இருக்கிறது, வெட்டிவிடவா, இல்லை சாயம் வைத்து மறைத்துவிடவா என்று கேட்டார்.

"ஒண்டும் செய்ய வேண்டாம்," என்றேன். "உள்ளபடியே எடுங்கோ."

போன கிழமை அக்காவின் பதில் வந்தது. கை நடுங்கி எழுதியிருக்கிறார், எழுத்து வரிக்கு வரி சரிகிறது. படம் கிடைத்தது, மச்சாள் அன்று எவ்வளவு வடிவாக இருந்தாள், அம்மாவின் முகத்தை மறந்தே போனேன், இப்போது பார்த்தேன் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்து, முடிவில் எழுதியிருந்தார்:

"இடப்பக்கம் தூணடியில் வெள்ளையாய்த் தெரியுறது என்ர சீலைத் தலைப்பு. காத்துக்குப் பறந்திருக்குது. நானும் நிக்கிறன், தம்பி."

அளவைப் பெட்டியிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, என்னிடமுள்ள படத்தோடு ஜன்னலடிக்குப் போனேன். நகத்தளவு வெள்ளை. சீலைதான். மடிப்புக்கூடத் தெரிகிறது.